தமிழில் மருந்து சொன்ன டாக்டர் கிரீன்

மாணவர்களே, தமிழில் மருத்துவம் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டிப் பதில் சொன்னவர் ஓர் அமெரிக்கர். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்பது அவர் பெயர். 1822-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து, நியூயார்க்கில் மருத்துவம் படித்தவர். 1847-இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலையைத் தொடங்கினார்.

ஒருவராகவே நோயாளியைப் பார்த்து, மருந்தும் கலந்து கொடுத்துக் கொண்டிருந்தால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்றுக் கொடுத்தார். ஆங்கிலத்தில் படித்தவர்களோ அரசாங்க வேலை, நல்ல சம்பளம் என்று போய்விடக் கிராமங்கள் பழையபடியே கிடந்தன. எனவே 1864 முதல் தமிழிலேயே பாடம் நடத்தினார். அதற்காக அவரே தமிழ் கற்றார். கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். மாணவர்கள் வேட்டியை விட்டுக் கால்சட்டைக்கு மாறுவதைக்கூட அவர் விரும்பவில்லை!

உடற்கூற்றுக்கு 'அங்காதிபாதம்', அறுவைச் சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்', மருந்துகளின் தன்மையைச் சொல்ல 'இந்து பதார்த்த சாரம்' என நூல்கள் வந்தன. வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர். சிலர் சிரிக்கலாம், எனக்குப் பிடித்த சொல் அது.

நான் செடெனாக்கில் வளர்ந்தவள். இன்று ஓர் அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர்களோடு சேர்ந்து மருந்தாளராக வேலை செய்கிறேன். தோட்டத்துப் பாட்டி ஒருவர் இரண்டு இடங்களில் வாங்கிய இனிப்பு நீர் மாத்திரைகளைப் பையிலிருந்து கொட்டினார். பெட்டியில் பெயர்தான் வேறு. உள்ளே இருந்தது ஒரே மருந்து. இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறார். தமிழில் விசாரித்ததால்தான் தெரிந்தது. பக்கத்து அறை டாக்டரிடம் சொன்னதும் அன்றே ஒன்றை நிறுத்தினார். டாக்டரும் மருந்தாளரும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. தனியார் கிளினிக்குகள் பலவற்றில் அந்த வசதி இன்னும் இல்லை.

கிரீன் 60-க்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். 1873-இல் தாயகம் திரும்பிய பிறகும் மொழிபெயர்ப்பை நிறுத்தவில்லை. 1884-இல் காலமானார். தமிழர்களுக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். மானிப்பாயில் கிரீன் நினைவு மருத்துவமனை இன்றும் இருக்கிறது.