ஓமந்தூர் உழவர்

நாம் இன்று வாழும் ஸ்ரீ சிட்டியின் ஆலைகள் யாவும் 2008ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்தவை. ஆயினும் அவை நிற்கும் மண்ணின் வரலாறு நெடியது. சத்தியவேடு 1960 வரையில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூரும் திருப்பதியும், 1953இல் ஆந்திர இராஜ்யம் தோன்றும் வரையில், சென்னையிலிருந்தே ஆளப்பட்டு வந்தன. ஆகவே 1947 ஆகஸ்டு 15ஆம் நாள் விடுதலை உதயமானபோது இந்த மண்ணை ஆளும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்று வினவினால், திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரின் உழவரிடம் இருந்தது என்றே விடை கூறவேண்டும். அவர்தாம் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்.

அவர் 1895 பிப்ரவரி முதல் நாள் தென்னார்க்காடு மாவட்டத்து ஓமந்தூரில் பிறந்தார். அவருடைய குலம் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டது. விஜயநகரப் பேரரசின் காலந்தொட்டுத் தெற்கே வந்து, காடு திருத்தி, ஏரி நீரையும் கிணற்று நீரையும் நம்பிப் பயிர் செய்து, தமிழ் மண்ணில் வேரூன்றிவிட்ட ரெட்டியார் குடிகளில் ஒன்று. தமிழ் பேசிக்கொண்டு தெலுங்கு நாட்டில் குடியேறியிருக்கும் நமக்கு, தெலுங்கு பேசிக்கொண்டு தமிழ் நாட்டில் குடியேறிய அம்மக்களின் கதை கண்ணாடியில் காணும் நம் முகம் போன்றதே. வந்தவர் யார், இருந்தவர் யார் என்னும் வழக்கு நான்கு தலைமுறைக்குப் பின் எவருக்கும் நினைவிருப்பதில்லை. நிலம் மட்டும் நினைவில் வைத்திருக்கும்.

திண்டிவனத்து வால்டர் ஸ்கட்டர் பள்ளியில் அவர் பயின்றார். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் குடும்பப் பெயரைத் தாங்கிய பள்ளி அது. அக்குடும்பத்தாரின் ஆர்க்காட்டு மிஷன் சித்தூர்ப் பகுதியிலும் பணியாற்றியது என்பது இங்குள்ளோர் பலரும் அறிந்ததே. கல்லூரிப் பட்டம் பெற்ற வழக்கறிஞர்களே காங்கிரஸின் முன்வரிசையில் வீற்றிருந்த காலம் அது. ரெட்டியாரோ பயிர்த்தொழிலையே தம் தொழிலாகக் கொண்டவர். காந்தியடிகளின் அறைகூவலுக்குச் செவிசாய்த்துக் கதர் உடுத்தார், சிறை சென்றார், தென்னார்க்காட்டுக் கிராமங்களில் காங்கிரஸை வளர்த்தார். திருவண்ணாமலை ரமண மகரிஷியிடத்தும் வடலூர் இராமலிங்க அடிகளிடத்தும் அவர் கொண்டிருந்த பக்தி ஆழமானது. அரசியலுக்கு வந்தபின் பூண்ட வேடமன்று அது.

1947 மார்ச்சில் ஆந்திர கேசரி பிரகாசம் அவர்களின் மந்திரிசபை கவிழ்ந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரஸின் தலைவராயிருந்த காமராஜரும் அவரைச் சார்ந்தோரும் ரெட்டியாரை முன்னிறுத்தினர். மார்ச் 23ஆம் நாள் அவர் மாகாணப் பிரதம மந்திரியானார். முதன் மந்திரிப் பதவியை அக்காலத்தில் அவ்வாறே வழங்கினர். வயது 52. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளும் வழங்கிய பெருமாகாணம் அது. முன்னரே பிரதம மந்திரியாயிருந்த டாக்டர் சுப்பராயன், பிற்காலத்தில் ஆந்திர முதல்வரான கோபால ரெட்டி, சென்னை முதல்வரான பக்தவத்சலம் ஆகியோர் அவருடைய மந்திரிசபையில் இருந்தனர். கற்றறிந்தோர் நிறைந்த அச்சபைக்குத் தலைவர், ஓமந்தூர் உழவர்!

அவர் ஆட்சியின் சாதனைகளை வரிசைப்படுத்துவோர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கூறிவிடுவது வழக்கம். நம் பகுதியினர் சற்று நின்று காணவேண்டியது ஜமீன் ஒழிப்பே ஆகும். 1802ஆம் ஆண்டுச் சாசுவத நிலவரித் திட்டத்தால், குடிமக்களுக்கும் சர்க்காருக்கும் நடுவே ஜமீன்தார் அமர்ந்தார். அவர் சர்க்காருக்குச் செலுத்தும் பேஷ்குஷ் என்றும் மாறாதது. உழவர் அவருக்குச் செலுத்தும் வாரமும் வரியுமோ மாறிக்கொண்டேயிருந்தன. ஏரி தூர்ந்தால் யார் வெட்டுவது, புறம்போக்கில் மாடு மேய்த்தால் யாருக்குப் பணம் என்று ஓயாத வழக்குகள். இங்கிருந்து அதிகத் தொலைவிலில்லாத வெங்கடகிரியும் காளஹஸ்தியும் அத்தகைய பெரிய ஜமீன்களே. 1947இல் இயற்றிய ஒரு சட்டம் முதலில் ஜமீன் நிலங்களின் வாரத்தைக் குறைத்தது. அடுத்து 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் ஜமீன்களையே சர்க்காரின் வசமாக்கி, நிலத்தை ரயத்துவாரி முறைக்கு மாற்றியது. உழுதவர் பட்டாவைத் தம் பெயரில் பெற்று, வரியை நேரே சர்க்காருக்குச் செலுத்தலாம் என்றாயிற்று. ஜமீன்தார்களுக்கு நஷ்ட ஈடும் உண்டு. ஆண்டு வருவாயில் கணக்கிட்ட அடிப்படைத் தொகையைப் போல மிகச் சிறிய எஸ்டேட்டுக்கு 30 மடங்கு, மிகப் பெரிய எஸ்டேட்டுக்குப் பன்னிரண்டரை மடங்கு. சிறியவனுக்கு அளவைப் பெரிதாக்கிக் கொடுத்த இக்கணக்கில் களத்துமேட்டு நியாயம் ஒன்று இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. வருவாய் மந்திரி களா வெங்கடராவின் உழைப்பும் இதில் பெரிது.

அவ்வாண்டே, 1947இல், கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறிற்று. மதுரையில் வைத்தியநாதையர் 1939இல் திறந்த வழி அச்சட்டத்தால் மாகாணம் முழுவதற்கும் உரிமையாயிற்று. திருமலையும் அன்று இம்மாகாணத்துக்கு உட்பட்டதே. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1920களின் இறுதியில் தொடங்கிய முயற்சியும் இவர் ஆட்சியில்தான் முற்றுப்பெற்றது. மதுவிலக்கு 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுவதும் பரவிற்று. சித்தூர் மாவட்டம் இராஜாஜி காலத்திலேயே அதைக் கண்டது. பாரதியார் நூல்களின் உரிமையை அரசே பெற்று மக்களுக்குப் பொதுவாக்கும் முடிவும் 1949இல் இவர் அரசு எடுத்ததே.

மிகப் பெரிய புயலை எழுப்பியது வகுப்புவாரி உத்தரவு. அரசாங்க வேலைகளில் 14 இடங்களைப் பங்கிடும்போது பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1 என 1947இல் வகுத்தார்கள். பிற்படுத்தப்பட்டோருக்குத் தனிப் பங்கு கிடைத்தது அப்போதுதான். தாடியில்லாத இராமசாமி நாயக்கர் என்று எதிர்த்தவர்கள் அவரைக் கேலி செய்தனர். கல்லூரி இடங்களுக்கும் இப்பங்கீட்டைக் கடைப்பிடித்ததை உச்ச நீதிமன்றம் 1951இல் செல்லாதென்றது. அதன் விளைவாகவே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அவ்வாண்டே பிறந்தது.

ஆனால் பெரியாருக்கும் அவருக்கும் இணக்கம் நிலவிற்று என்று எண்ணுதல் பிழையாகும். 1948 மார்ச்சில் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது இவர் அரசே. அவ்வாண்டே பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கப் போய், தமிழ்நாட்டில் பெரும் போராட்டத்தை எதிர்கொண்டார். கம்யூனிஸ்டுகளை விசாரணையின்றிச் சிறையில் அடைத்த அடக்குமுறையும் அவர் ஆட்சியில் தொடர்ந்தது. அவர்பால் எத்துணை மதிப்புக் கொண்டாலும் இவற்றை நல்லாட்சியின் கணக்கில் சேர்க்க நம்மால் இயலவில்லை.

அவருடைய வீழ்ச்சிக்குக் காரணம் இவையல்ல என்பதுதான் வியப்பு. சிபாரிசை அவர் ஏற்பதில்லை. தியாகி என்றும் கட்சிக்காரர் என்றும் உறவினர் என்றும் சலுகை நாடி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். அதிகாரிகளின் வேலையில் சட்டசபை உறுப்பினர் தலையிடுவதை அவர் விரும்பவில்லை. அவரைப் பதவியில் ஏற்றி வைத்தவர்களுக்கே இது பொறுக்கவில்லை. ஆதரவு தேய்ந்தது. பிளவு உண்டாக்கியோ பேரம் பேசியோ நாற்காலியைக் காத்துக்கொள்ள அவர் முனையவில்லை. 1949 ஏப்ரல் 6ஆம் நாள் குமாரசாமி ராஜா பதவியேற்றார். ரெட்டியார் ஆண்டது இரண்டு ஆண்டுகளும் சில நாட்களுமே.

அதன்பின் அவர் நாடியது வடலூர். இராமலிங்க அடிகள் 1867இல் அங்கே தருமச்சாலை அமைத்தபோது, பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலத்தை அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் பசித்தோர்க்குச் சோறு வடிக்கிறது. அவ்வடுப்புக்கு அருகே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, குருகுலப் பள்ளியையும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தையும் நடத்தினார். நான்கு மொழி மாகாணத்தை ஆண்டவர், பிள்ளைகளின் படிப்பையும் உணவையும் கவனித்துக்கொண்டு இருபது ஆண்டுக்கு மேல் அங்கே கழித்தார். 1970 ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்தார்.

சென்னை அண்ணா சாலையில், கவர்னர் மாளிகை இருந்த பழைய தோட்டத்துக்குப் பின்னாளில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என்று பெயரிட்டனர். உழவருக்குத் தோட்டம் பொருத்தமே. அதனுள் சட்டசபைக்கென்று 2010இல் திறந்த மாளிகை 2014 முதல் மருத்துவமனையாக இயங்கிவருகிறது. சிகிச்சைக்கு வரும் ஏழை மக்கள், அவர் யாரென அறியாமலே, ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டுச் செல்கிறார்கள்.