25 ஆண்டு படகு வீட்டு வாழ்க்கை.. ஒரே போட்டோவில் வரலாறு! யார் இந்த எம்மா டர்னர்?

பிரிட்டனில் அழிந்துவிட்டதாக நினைத்த பறவை திரும்ப வந்ததை ஒரு போட்டோவால் நிரூபித்தவர் எம்மா லூயிசா டர்னர்.

1867-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தார். பறவைப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் கியர்ட்டனை 1900-ல் சந்தித்த பிறகுதான் கேமராவைக் கையில் எடுத்தார். அப்போது வயது 30-ஐ தாண்டிவிட்டது.

நார்ஃபோக்கில் உள்ள ஹிக்லிங் பிராட் நீர்நிலையில் ஒரு படகு வீடு. பெயர் 'வாட்டர் ரெயில்'. ஓடுற ரயில் இல்லீங்க, அங்கே அவர் முதலில் படமெடுத்த நீர்ப்பறவை! சுமார் 25 ஆண்டுகள், வருஷத்தில் பல மாதங்கள் அங்கேதான் வாசம்.

பிட்டர்ன் ஏன் ஸ்பெஷல்?

கொக்கு குடும்பத்தைச் சேர்ந்த குருகு இது. ஆபத்து வந்தால் அலகை வானம் பார்க்கத் தூக்கி அசையாமல் நிற்கும். உடம்பெல்லாம் பழுப்புக் கோடு என்பதால் நாணல் மாதிரியே தெரியும். வேட்டை, சதுப்பு நிலங்களை வடித்தது என இரண்டும் சேர்ந்து இதை விரட்டின. 1886-க்குப் பிறகு பிரிட்டனில் இது குஞ்சு பொரித்ததற்கு ஆதாரமே இல்லை.

1911-ல் என்ன நடந்தது?

காவலர் ஜிம் வின்சென்ட்டுடன் தேடிய எம்மா, நாணலுக்குள் பிட்டர்ன் குஞ்சைப் பார்த்துப் படமெடுத்தார். பறக்கத் தெரியாத குஞ்சு என்றால் அங்கேயே பொரித்ததுதானே? ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டியின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

கண்புரை ஆபரேஷன் கைகொடுக்காமல், கடைசி 2 ஆண்டுகள் பார்வையில்லாமலே வாழ்ந்தார். 1940-ல் மறைந்தார். ஹிக்லிங் இன்று இயற்கைக் காப்பகம். பிட்டர்ன்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.