தாய்மொழிக்கு இலக்கணம் தந்த துறவி

ஆட்ரியாடிக் கடலின் கீழ்க்கரையை ஒட்டி எண்ணற்ற தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் உப்பளங்களுக்குப் பெயர்போன தீவு பாக். 1575-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி அங்கே பிறந்தார் பார்த்தோல் காஷிச். குரோஷிய மொழிக்கு முதன்முதலில் இலக்கணம் வகுத்த பெருமகனார் இவரே.

அந்நாளில் குரோஷியர்களின் பூமி துண்டு துண்டாகக் கிடந்தது. கடற்கரையிலும் தீவுகளிலும் பெரும்பகுதியை வெனிஸ் குடியரசு ஆண்டது. வடக்கே எஞ்சிய நிலம் ஹாப்ஸ்பர்க் அரசரிடம் இருந்தது. உள்நாட்டில் துருக்கி சுல்தானின் கொடி பறந்தது. டுப்ரோவ்னிக் நகரம் மட்டும் சுல்தானுக்குக் கப்பம் கட்டித் தனிக் குடியரசாகப் பிழைத்து வந்தது.

நாட்டின் கதிதான் மொழிக்கும். குரோஷியம் என்ற பெயர் வழக்கில் இருந்தபோதிலும், ரோமாபுரியில் அதை இல்லிரியம் என்றார்கள். வேறு சிலர் டால்மேஷியம் என்றார்கள். ஸ்லாவியம் என்றவர்களும் உண்டு. ஒரு குழந்தைக்கு ஊரார் ஆளுக்கொரு பெயர் சூட்டியதுபோல் இருந்தது அந்த மொழியின் நிலை!

ரோமாபுரியில் ஒரு மாணவர்

சிறு வயதிலேயே தந்தையை இழந்த காஷிச்சை, பாதிரியாராக இருந்த தாய்மாமன் வளர்த்துப் படிக்க வைத்தார். 1590-ல் கடல் தாண்டி இத்தாலியிலுள்ள லொரேட்டோ நகருக்குச் சென்றார். மூன்று ஆண்டுகளுக்குப்பின் ரோமாபுரியை அடைந்து, 1595-ல் ஏசு சபையில் சேர்ந்தார்.

அதே 1595-ல் வெனிஸ் நகரில் ஓர் அகராதி வெளியாயிற்று. ஷிபெனிக் நகரத்தவரான ஃபாவுஸ்ட் விரான்சிச் தொகுத்த அந்நூலில் லத்தீன், இத்தாலியம், ஜெர்மன், ஹங்கேரியம் ஆகியவற்றுக்குச் சமமாகத் தம் மொழியையும் ஐந்தில் ஒன்றாக அமர்த்தியிருந்தார். சொற்கள் அச்சேறிவிட்டன; இலக்கணம்தான் இல்லை.

பால்கன் நாடுகளுக்குச் செல்லும் பாதிரிமார் அங்குள்ள மக்களின் பேச்சைக் கற்றாக வேண்டும் என்று சபைத் தலைவர் அக்வாவீவா கருதினார். 1599-ல் ரோமாபுரிக் கல்லூரியில் அம்மொழிக்கென ஒரு கழகம் தோன்றியது. அதற்காகக் காஷிச் லத்தீனில் எழுதிய இலக்கணம் 1604-ல் அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது 29 நிறையவில்லை அல்லது அப்போதுதான் நிறைந்திருந்தது!

இரண்டே ஆண்டுகளுக்குப்பின், 1606-ல், அதே சபையைச் சேர்ந்த, தமிழ் கற்ற ராபர்ட் டி நோபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். சென்ற நாட்டின் மொழியைக் கற்பது அச்சபையாரின் வழக்கம். ஆனால் காஷிச்சுக்குக் கிடைத்த பேறு வேறு. அவர் இலக்கணம் எழுதியது பிறர் மொழிக்கு அல்ல, தம் சொந்தத் தாய்மொழிக்கு.

வியாபாரி வேடம்

ஏட்டோடு நின்றுவிடவில்லை அவர். டுப்ரோவ்னிக்கில் சில காலம் பணியாற்றியபின், 1612-லும் 1618-லும் துருக்கியர் ஆண்ட நாட்டினுள் நீண்ட பயணம் புறப்பட்டார். பாதிரி உடையில் போனால் ஆபத்து. ஆகவே வியாபாரி வேடம் பூண்டார். பெல்கிரேட், ஒசியெக், தெமெஷ்வார் என்று ஊர் ஊராக அலைந்தார். அந்த அலைச்சலில் மக்களின் பேச்சைக் காதாரக் கேட்டார்.

குரோஷியர்களிடையே மூன்று பெரிய வழக்குகள் உண்டு. 'என்ன' என்று கேட்பதற்கு ஒரு சாரார் 'ச்சா' என்பர். ஒரு சாரார் 'காய்' என்பர். மற்றொரு சாரார் 'ஷ்தோ' என்பர். அந்தச் சொற்களே வழக்குகளுக்குப் பெயராயின. காஷிச் பிறந்த தீவு 'ச்சா' என்பது. எனினும், பரந்த நிலப்பரப்பில் பலருக்கும் விளங்குவது போஸ்னியாவின் 'ஷ்தோ' வழக்கே என்று கண்டு, பிற்கால நூல்களில் அதையே முதன்மையாகக் கொண்டார். ஊர்ப் பற்றை ஒதுக்கிவிட்டு மொழிப் பற்றைத் தேர்ந்த மனிதர் அவர்.

அச்சேறாத வேதம்

1622-ல் டுப்ரோவ்னிக்கில் இருந்தபடி புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1625-ல் முழு பைபிளையும் பெயர்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்து முடித்து, 1633-ல் ரோமாபுரிக்கு எடுத்துச் சென்றார்.

அங்கே காத்திருந்தது பேரிடி. அந்த வழக்கில் வேதம் வெளிவரலாகாது என்று ஆட்சேபம் கிளம்பியது. ஆட்சேபித்தவர்களுள் அந்நியர் மட்டுமல்ல, அவருடைய சொந்த மக்களும் இருந்தனர்! அச்சிட அனுமதி மறுக்கப்பட்டது. ஜெர்மானியருக்கு லூதரின் பைபிள் மொழிக்கு ஓர் உருவம் தந்தது. குரோஷியருக்கு அந்த வாய்ப்பு கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டவில்லை.

காஷிச் மனமொடிந்து உட்கார்ந்துவிடவில்லை. 1640-ல் கோயில் சடங்கு நூலைத் தம் மொழியில் அச்சேற்றினார். மொழிபெயர்த்த வேதம் முடங்கிக் கிடந்தாலும், திருமணத்திலும் ஞானஸ்நானத்திலும் இறுதிச் சடங்கிலும் அவருடைய சொற்கள் பல தலைமுறைகளின் காதில் ஒலித்தன. 1650 டிசம்பர் 28-ல் ரோமாபுரியில் அவர் கண்மூடினார்.

கடல் கடந்த வாரிசுகள்

அவர் தேர்ந்த 'ஷ்தோ' வழக்கையே 19-ஆம் நூற்றாண்டில் லுதேவிட் காய் முதலியோர் பொதுமொழிக்கு அடிப்படையாக்கினர். பெயர்ச் சண்டை மட்டும் ஓயவில்லை. யூகோஸ்லாவியா உருவானபின் செர்போ-குரோஷியம் என்ற இரட்டைப் பெயர் நிலைத்தது. 1967-ல் குரோஷிய எழுத்தாளர்களும் புலவர்களும் தங்கள் மொழிக்கு அதன் பெயரைக் கோரி அறிக்கை விடுத்தனர்.

பிழைப்புக்காகவும் அரசியல் காரணத்தாலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறியவர்களுக்கு இந்தக் குறை இன்னும் உறுத்தியது. நூலகப் பட்டியலில் அவர்கள் புத்தகம் ரோமன் எழுத்திலான செர்போ-குரோஷியம் என்றே பதிவாயிற்று. அவர்கள் சளைக்கவில்லை. 1980-களில் சிட்னியின் மக்வாரி பல்கலைக்கழகத்தில், குடியேறியோரின் முயற்சியால், குரோஷிய மொழிப் படிப்பு ஏற்பட்டது. 2008-ல் உலக நூலகக் குறியீட்டில் அம்மொழிக்கு அதன் சொந்தப் பெயரையொட்டிய குறி கிடைத்தது. 2013-ல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் 24-ஆவது ஆட்சிமொழியாயிற்று.

குரோஷியரும் செர்பியரும் போஸ்னியரும் பேசினால் ஒருவருக்கொருவர் விளங்கும் என்பது மெய். இவை ஒரே மொழியின் வடிவங்கள் என வாதிக்கும் அறிஞர்களும் உண்டு. எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்றே எழுதிய காஷிச்சைக் கொண்டு யாரும் வேலி போட்டுவிட முடியாது. ஆனால் தன் மொழியைத் தன் பெயரால் அழைக்க வேண்டும் என்று ஒரு மக்கள் கேட்பது வேலி ஆகாது, அது மானம்.

முடக்கப்பட்ட அந்த பைபிள், கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டு 1999-ல் ஜெர்மனியில் அச்சாயிற்று. முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தும், அந்த உழைப்பு வீண்போகவில்லை.