நாகசுர மேதை இராசரத்தினம்

காஞ்சி, குடந்தை போன்ற கோயில் நகரங்களில் இறைவன் திருவுலாவிற்கு முன்னே முழங்கிச் செல்வது நாகசுரம். அக்கருவியின் பெருமையை நாடறியச் செய்தவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை ஆவார். இவர் 1898ஆம் ஆண்டு திருமருகலில் தோன்றினார். இளமையில் வாய்ப்பாட்டுப் பயின்று, பின்னர் நாகசுரம் கற்றுத் திருவாவடுதுறை ஆதீன வித்துவான் ஆனார். தோடி இராகத்தை மணிக்கணக்கில் வாசித்துக் கேட்போர் உள்ளத்தை உருக்கினார்.

அந்நாளில் வழங்கிய திமிரி நாகசுரம் குட்டையானது, உயர்ந்த சுருதியுடையது. சுத்த மத்திமம் என்னும் சுரம் அதில் செம்மையாக அமையாது. பாட்டுப் பயின்றவருக்கு இது பெருங்குறை அன்றோ? அவர் விருப்பத்திற்கிணங்க, நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரியார் பன்முறை முயன்று, நீண்ட பாரி நாகசுரத்தை உருவாக்கினார். சுருதி தாழ்ந்தது; சுத்த மத்திமமும் சீராக ஒலித்தது.

அவ்வூர்க் கருவிகள் புதுமரத்தால் ஆனவை அல்ல. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், நன்கு உலர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்தே அவற்றைச் செய்வர். வாயில் வைத்து ஊதும் சீவாளியோ, காவிரிக் கரையில் வளரும் கொறுக்கை என்னும் நாணலால் ஆவது. பிறர் கழித்த உத்தரமும் கரையோர நாணலுமே மேதையின் கையில் தேனிசை பொழிந்தன.

இராசரத்தினம் பிள்ளை 1956ஆம் ஆண்டு மறைந்தார். பாரி நாகசுரம் இன்றும் முழங்குகிறது. நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. வாசிப்பவர் செவியும் வினைஞர் கையும் ஒன்றுபட்டால், பழைய மரமும் அரிய கருவியாகும் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.