கொச்சி தந்த யூத காந்தி

தேவாரத்தில் நின்று மேற்கே பார்த்தால் ஏலமலை தெரியும். போடிமெட்டு ஏறி, மூணாறு வழியே இறங்கும் நெடுஞ்சாலை கொச்சியில் முடியும். அங்கே மட்டாஞ்சேரியில், மிளகும் ஏலமும் சுக்கும் விற்றுப் பெயர்பெற்ற யூதத் தெரு ஒன்று உண்டு. அதன் கோடியில் 1568-ஆம் ஆண்டு கட்டப்பெற்ற பரதேசி ஜெபாலயம் நிற்கிறது. அங்கே மனித மதிப்புக்காகப் போராடிய ஒரு பெருமகனைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். அவர் பெயர் ஆபிரகாம் பராக் சேலம்.

அவர் வாழ்வை அறியுமுன், யூதர்களின் வழிபாட்டு மேலாடையைப் பற்றிச் சிறிது அறிதல் நலம். நான்கு மூலை கொண்ட ஆடையின் ஒவ்வொரு மூலையிலும் தொங்கல் கட்டவேண்டும் என்பது மோசேயின் சட்டம். எபிரேய மொழியில் இதனைச் ‘சீசித்’ என்பர். நான்கு நூல்களை மூலைத் துளையில் கோத்து மடித்தால் எட்டு இழைகளாகும். அவற்றில் ஐந்து முடிச்சுகள் இடுவர். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. சீசித் என்ற சொல்லின் மதிப்பு 600. எட்டு இழையும் ஐந்து முடிச்சும் சேர, 613 ஆகும். யூத மறை விதிகளும் 613 எனக் கணக்கிடுவர். தொங்கலைக் காணும்போதெல்லாம் கடமை நினைவுக்கு வரவேண்டும் என்பதே நோக்கம். முற்காலத்தில் அதில் நீல இழையும் இருந்தது. கடல் நத்தையிலிருந்து எடுத்த அச்சாயத்தின் செய்முறை மறைந்தபின் வெள்ளை நூலே பெருவழக்காயிற்று. செல்வனுக்கு ஓர் இழை கூடுதல் என்றோ, ஏழைக்கு ஒரு முடிச்சு குறைவு என்றோ விதியில்லை.

ஆடையில் இல்லாத வேற்றுமை ஜெபாலயத்தில் இருந்தது! 1882-இல் பிறந்த சேலம், ‘மெஷுக்ராரிம்’ என்று பிறரால் அழைக்கப்பட்ட பிரிவினர். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் என்பது அச்சொல்லின் பொருள். பரதேசி ஜெபாலயத்தில் அவர்களுக்கு உறுப்பினர் உரிமை இல்லை. மற்றவரோடு சமமாக அமரும் உரிமையும் இல்லை. முறைப்படி விடுதலை பெற்றுச் சடங்கும் முடித்தவர் முழு யூதரே என்று எகிப்து நாட்டு யூத அறிஞர் பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சிக்கு விடை எழுதினார். விடை வந்தது, வழக்கம் மாறவில்லை.

தாயின் அரவணைப்பில் வளர்ந்த சேலம் எர்ணாகுளம் மகாராஜாக் கல்லூரியில் பயின்றார்; சென்னையில் பட்டமும் சட்டமும் பெற்றார். கொச்சி யூதரில் முதல் வழக்கறிஞர் அவரே. 1925 முதல் 1931 வரையும், 1939 முதல் 1945 வரையும் கொச்சிச் சட்டசபையில் பணியாற்றினார். தொழிலாளர் நலனுக்கும் குரல் கொடுத்தார். முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

நாட்டுக்கு விடுதலை கேட்டவர் தம் ஜெபாலயத்தில் அடிமைப் பெயரைச் சுமப்பாரா? சிறிது காலம் அங்கே செல்லாமல் புறக்கணித்தார். பின்னர் சத்தியாக்கிரகத்தைக் கையாண்டார். ‘யூத காந்தி’ என்ற பெயர் அதனால் வந்ததே. படிப்படியாகத் தடைகள் தளர்ந்தன. ஆயினும் மனத்தடை எளிதில் அகலவில்லை. 1950-இல் அவர் மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது எதிர்ப்பு எழுந்தது. திருமணம் பம்பாயில் நடைபெற்றது.

1933-இல் பாலஸ்தீனம் சென்று வந்த சேலம், கொச்சி யூதர் இஸ்ரேலில் குடியேறவும் துணைநின்றார். 1955-க்குள் பெரும்பாலோர் சென்றுவிட்டனர். அவரோ கொச்சியிலேயே தங்கி, 1967-இல் மறைந்தார்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்பதை நாம் அறிவோம். கோயில் எதுவாயினும் வாசற்படியின் கதை ஒன்றே என்பது என் எண்ணம். மறை சொல்வதை மனிதன் மறக்கிறான் என்பதற்காகவே தொங்கல் கட்டினர். அதைக் கட்டியவரும் மறந்தனர். நினைவூட்ட ஒரு சேலம் வரவேண்டியிருந்தது. மாணவ நண்பர்களே, நம் ஊர்களிலும் அத்தகைய நினைவூட்டல் இன்னும் தேவைப்படுகிறது. அப்பணி கற்றவர்களாகிய நம்முடையதன்றோ!