அரிவாள் செல், ஹார்ட் அட்டாக்: இரண்டையும் அடையாளம் காட்டிய டாக்டர்... யார் இந்த ஜேம்ஸ் ஹெரிக்?

1904 டிசம்பர் கடைசி வாரம். சிகாகோ பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில் இருமலும் காய்ச்சலுமாக 20 வயது மாணவர் ஒருவர் சேர்க்கப்பட்டார். பெயர் வால்டர் கிளெமென்ட் நோயல். கரீபியன் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்தவர். பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸ் அவருடைய ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல நீண்டு, பிறைபோல வளைந்து கிடந்தன. உடனே சீனியரிடம் போய்க் காட்டினார். அந்த சீனியர்தான் ஜேம்ஸ் ஹெரிக்.

ஹெரிக் பிறந்தது 1861-ல், சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில். முதலில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு ரஷ் மருத்துவக் கல்லூரியில் படித்து 1888-ல் டாக்டரானார்.

நோயலின் ரத்தத்தில் பார்த்ததற்கு அவர் அவசரப்பட்டு ஒரு நோயின் பெயரைச் சூட்டிவிடவில்லை. இரண்டரை ஆண்டுகள் நோயலைக் கவனித்த பிறகு, 1910-ல்தான் கட்டுரை வெளியிட்டார். அணுக்கள் அரிவாள் வடிவில் இருப்பதாக எழுதியவர், காரணம் புரியவில்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால், கட்டுரை ஹெரிக் பெயரில் மட்டுமே வந்தது. முதலில் பார்த்த அயன்ஸுக்கு அதில் ஆசிரியர் இடம் இல்லை. இப்போது படித்தாலும் அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நோயல் ஊர் திரும்பிப் பல் டாக்டராகத் தொழில் செய்தார். 1916-ல் நிமோனியாவில் இறந்தார். வயது 32.

இதற்கிடையே 1912-ல் ஹெரிக் இன்னொரு கட்டுரை எழுதினார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென அடைத்தால் ஆள் அங்கேயே முடிந்தார் என்றுதான் அன்றைய டாக்டர்கள் நினைத்தார்கள். அப்படி இல்லை, பிழைப்பவர்களும் உண்டு, உயிரோடு இருக்கும்போதே அதைக் கண்டுபிடிக்கலாம் என்றார் ஹெரிக். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரும் விடவில்லை. சில ஆண்டுகள் கழித்து இசிஜி ஆதாரத்தோடு மறுபடியும் வந்தார். அதன் பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

ரத்தம் ஒரு பக்கம், இதயம் ஒரு பக்கம் என்றிருந்த இந்த இரண்டு கதைகளும் சேரும் இடத்தில்தான் இன்றைய சிகிச்சை நிற்கிறது. அரிவாள் செல்கள் சீக்கிரம் உடைந்துவிடும். ரத்தசோகையை ஈடுகட்ட இதயம் கூடுதலாக உழைத்து, நாளடைவில் பெரிதாகிறது. உடைந்த செல்லிலிருந்து கசியும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாயைத் தளர்வாக வைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை உறிஞ்சிவிடுகிறது. இதனால் சிலருக்கு நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலது பக்கம் திணறுகிறது.

இப்படித் திணறும் இதயம் ரத்தத்தில் ஒரு தடயத்தை விடுகிறது. என்டி-புரோபிஎன்பி எனும் புரதம் அது. அரிவாள் செல் நோயுள்ள பெரியவர்களுக்கு இது ஒரு மில்லிலிட்டரில் 160 பிக்கோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் உயிராபத்து கூடுதல் என்று 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. சிறுநீரகம் பழுதானாலும் இது ஏறும். எக்கோவும் பார்க்க வேண்டும்.

கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று லைனஸ் பாலிங் குழு சொன்னது 1949-ல். நம் நீலகிரிப் பகுதிப் பழங்குடிகளிடம் இந்த அரிவாள் செல் தன்மை இருப்பது 1952-ல் பதிவானது. அப்போதும் ஹெரிக் உயிரோடு இருந்தார். 1954-ல் இறந்தபோது அவருக்கு வயது 92.