வேலியும் வேட்டையும்: தியோடர் ரூஸ்வெல்ட்

குழந்தைகள் அணைத்துக்கொண்டு உறங்கும் கரடிப் பொம்மையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கு 'டெடி' என்று பெயர். ஒரு குடியரசுத் தலைவரின் செல்லப் பெயர் அது என்பதையும், வேட்டைக் களத்தில் எழுந்த ஓர் அறக் கேள்வியே அப்பொம்மை பிறக்கக் காரணம் என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அக்கேள்விக்கு உரியவரின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

தியோடர் ரூஸ்வெல்ட் 1858ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நியூயார்க் நகரில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். செல்வம் இருந்தது, உடல்நலம் இல்லை. ஆஸ்துமா நோய் அவரை இரவுதோறும் வாட்டியது. தந்தையின் ஊக்கத்தால் உடற்பயிற்சி செய்து உடலை உரமாக்கிக்கொண்டார். பறவைகளையும் சிறு விலங்குகளையும் சேகரித்துப் பாடம் செய்து, தம் வீட்டிலேயே ஒரு சிறு காட்சிசாலை அமைத்தார். உயிர்களை நேசித்த அச்சிறுவனே அவற்றைச் சுடவும் கற்றான். இந்த முரண்பாடு இறுதிவரை அவரைவிட்டு நீங்கவில்லை.

1883இல் அவர் டகோட்டா சமவெளிக்குச் சென்றார். கோடிக்கணக்கில் திரிந்த அமெரிக்கக் காட்டெருமைகள் தோலுக்காகக் கொன்று குவிக்கப்பட்டு, அருகிப்போயிருந்த காலம் அது. அவை அழியுமுன் ஒன்றையேனும் சுட்டுவிட வேண்டும் என்பதே அவருடைய ஆவல்! மழையிலும் சேற்றிலும் பல நாள் அலைந்து ஒன்றைச் சுட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், ஒரே வீட்டில், ஒரே நாளில், அவருடைய தாயும் மனைவியும் மறைந்தனர். துயரம் தாங்காமல் மீண்டும் டகோட்டாவுக்கே சென்று, மாட்டுப் பண்ணையில் காலம் கழித்தார். சமவெளி வெறிச்சோடிக் கிடப்பதை அங்கே கண்ணாரக் கண்டார்.

அந்த அனுபவமே அவர் சிந்தனையைத் திருப்பியது. 1887இல், கிரின்னல் என்ற இயற்கை ஆர்வலருடனும் பிற நண்பர்களுடனும் சேர்ந்து 'பூன் அண்டு கிராக்கெட்' என்ற வேட்டைக்காரர் சங்கத்தை நிறுவினார். ஆழ்ந்த பனியில் சிக்கித் தவிக்கும் மானைக் கொல்வதும், நீரில் நீந்தும் விலங்கைப் படகிலிருந்து சுடுவதும், இரவில் விளக்கொளி காட்டி மயக்கிச் சுடுவதும் முறையன்று என அச்சங்கம் வகுத்தது. தப்பி ஓட விலங்குக்கு உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும். அது இல்லாதபோது நடப்பது வேட்டையன்று, கொலை. இதுவே அக்கொள்கையின் சாரம். புறமுதுகிட்டோர்மேல் படை செலுத்தாத மறவர் பண்பைத் 'தழிஞ்சி' என்று தனித் துறையாகவே போற்றிய தமிழுக்கு இக்கருத்து புதிதன்று.

கொள்கை வகுப்பது எளிது. அதன்படி நிற்பதோ அரிது. அக்காலத்தில் ஆஸ்டின் கார்பின் என்ற செல்வர், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 20,000 ஏக்கருக்கும் மேற்பட்ட மலைக்காட்டை வளைத்து வேலியிட்டு, ஐரோப்பியக் காட்டுப் பன்றிகளையும் மான்களையும் காட்டெருமைகளையும் அதில் வளர்த்தார். 1901இல் குடியரசுத் தலைவரான ரூஸ்வெல்ட், 1902 ஆகஸ்டில் அங்கு விருந்தினராகச் சென்று ஒரு காட்டுப் பன்றியைச் சுட்டார். முறை பேசிய சங்கத்தை நிறுவியவர், வேலிக்குள் நின்று வேட்டையாடினார்.

அதே ஆண்டு நவம்பரில் மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டை நடந்தது. அடிமையாகப் பிறந்து, பெயர்பெற்ற வேட்டைக்காரராக உயர்ந்த ஹோல்ட் காலியர் வழிகாட்டினார். நாய்கள் ஒரு கரடியை மடக்கின. தலைவரோ அங்கில்லை. காலியர் அக்கரடியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து மயக்கி, மரத்தில் கட்டிவைத்தார். வந்து பார்த்த ரூஸ்வெல்ட் அதைச் சுட மறுத்துவிட்டார். பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. நவம்பர் 16ஆம் நாள் கிளிஃபோர்ட் பெரிமன் கருத்துப்படம் வரைந்தார். புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மாரிஸ் மிக்டம் கரடிப் பொம்மை செய்து, தலைவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஆனால், பொம்மைக் கதை சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. படுகாயமுற்ற அக்கரடியின் வேதனையை முடிக்குமாறு ரூஸ்வெல்டே பணிக்க, அது கத்தியால் கொல்லப்பட்டது. தலைவரின் கண்ணியம் பிழைத்தது, கரடி பிழைக்கவில்லை.

வேலி என்றாலே தீமைதானா? அப்படிச் சொல்லவும் இயலாது. 1905இல் அமெரிக்கக் காட்டெருமைக் கழகம் தோன்றியது. கார்பினின் வேலிக்குள் பிழைத்திருந்த மந்தையைக் கண்ட ஒருவரின் முயற்சியே அதற்குத் தூண்டுகோல். ரூஸ்வெல்ட் அதன் கௌரவத் தலைவரானார். 1907இல் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையிலிருந்து 15 காட்டெருமைகள் ரயிலேற்றப்பட்டு, ஓக்லஹோமாவின் விச்சிட்டா காப்பகத்தில் விடப்பட்டன. அங்கும் வேலிதான். ஆனால் அது சுடுவதற்காகப் போட்ட வேலியன்று, காப்பதற்காகப் போட்டது. தம் ஆட்சிக் காலத்தில் 51 பறவைச் சரணாலயங்களையும் 5 தேசியப் பூங்காக்களையும் உருவாக்கி, ஏறத்தாழ 23 கோடி ஏக்கர் நிலத்தைப் பாதுகாப்பின்கீழ்க் கொணர்ந்தவர் ரூஸ்வெல்ட்.

ஆயினும் துப்பாக்கியை அவர் கீழே வைக்கவில்லை. பதவி நீங்கியதும் 1909இல் அருங்காட்சியகத்திற்காக ஆப்பிரிக்கா சென்றார். அவரும் மகன் கெர்மிட்டும் சுட்ட பெரிய விலங்குகள் மட்டும் 512. அரிய வெள்ளைக் காண்டாமிருகங்களும் அவற்றுள் அடங்கும். 1919 ஜனவரி 6ஆம் நாள், தம் 60ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

அவர் எழுப்பிய கேள்வி மட்டும் உறங்கவில்லை. டெக்சாஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் இன்று வேலியிட்ட வேட்டைப் பண்ணைகள் பல உள்ளன. பணம் கட்டினால் போதும். குறுகிய விடுமுறையிலேயே கொம்பும் தலையும் வீடு வந்து சேரும். அதுவே அவற்றின் கவர்ச்சி. வருவாய் இருப்பதால்தான் காடு வயலாகாமல் நிற்கிறது, விலங்கும் பெருகுகிறது என்று பண்ணையார்கள் வாதிடுகின்றனர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால், காடு நிற்பதற்கு அது விடையாகுமே தவிர, தப்ப வழியில்லாத விலங்கைச் சுடுவது வீரமா என்ற கேள்விக்கு விடையாகாது. தப்ப முடியாதபடி வேலிக்குள் வீழ்த்தப்பட்டவற்றை ரூஸ்வெல்டின் சங்கம் இன்றும் தன் சாதனைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்துவிட்டது. ஆகவே இது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி என்று ஒதுக்கிவிடலாமா? கட்டிப்போட்ட கரடி காட்டில் மட்டும் இல்லை. எதிர்த்து நிற்க வலிமையற்றவரை வென்றுவிட்டு அதனை வெற்றி எனக் கொண்டாடும் இடமெல்லாம் வேலியிட்ட காடுகளே. அங்கே நாம் துப்பாக்கியைத் தாழ்த்துவோமா? தாழ்த்திய பின்பாவது கட்டை அவிழ்ப்போமா? ரூஸ்வெல்ட் முதலாவதைச் செய்தார். இரண்டாவதை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.